கணக்கெடுத்த நண்டு யாருடையது?

உயிரியல் பட்டம் முடித்த அண்ணன் மகளுக்கு இரண்டு வேலைகள் கூடி வந்திருக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆய்வு உதவியாளர். மற்றொன்று, சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் கள ஆய்வாளர். போன வாரம் சிங்கப்பூர் தேக்காவில் தேநீர் குடித்தபடி, "எதை எடுப்பது சித்தப்பா?" என்றாள்.

இரண்டிலும் விடியுமுன் எழ வேண்டும், அட்டை கடிக்கும், மழையில் குறிப்பேடு நனையும். அதை வைத்து முடிவெடுக்க முடியாது. எடுத்த கணக்கு கடைசியில் யார் கையில் இருக்கும் என்று பார்க்கச் சொன்னேன்.

நிறுவன வேலையில் சம்பளம் பொதுவாகக் கூடுதல். இன்று பறவை, நாளை வௌவால், அடுத்த வாரம் தானியங்கிக் கேமராவில் எறும்புதின்னி என்று கண் பழகும். நகரமே மாறும் முடிவுகளுக்கு இந்த அறிக்கைகள் போகின்றன. குறுக்குத் தீவு ரயில் தடத்தை மத்திய நீர்ப்பிடிப்பு வனத்துக்கு அடியில், ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் கொண்டுபோவதாக 2019இல் அறிவித்தார்களே, அதற்கு முன் நடந்ததும் இத்தகைய ஆய்வுதான். ஆனால் அறிக்கை வாடிக்கையாளருடையது. அவர் சம்மதிக்காமல் ஒரு வரி வெளியிட முடியாது.

ஆய்வகத்தில் மானியம் தீர்ந்தால் வேலையும் தீரும். வனக்காப்பகத்தில் ஆய்வு செய்யத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அதற்குக் காத்திருக்கும் வாரங்களும் அந்த ஓராண்டில்தான் கழியும். நானும் இப்படி ஓராண்டு அலையாத்திக் காட்டில் முழங்கால் சேற்றில் நின்று, சல்லடையில் மண்ணை அலசி, நகம் அளவு நண்டுகளை ஓட்டின் அகலம் அளந்து புட்டிகளில் அடைத்தேன். கட்டுரை வெளிவந்தபோது என் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் இருந்தது. கையெழுத்திடுமுன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஆனாலும் என் ஓட்டு ஆய்வகத்துக்கே. அங்கே 'இந்த இனம் ஏன் இந்த ஓடையில் மட்டும்?' என்று கேட்கப் பழகுவோம். 1854இல் இயற்கையியலாளர் வாலஸ் இங்குள்ள புக்கிட் தீமா வட்டாரத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அதே புக்கிட் தீமாவின் ஓடையில் வாழும், வேறெந்த நாட்டிலும் இல்லாத ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் என்ற நன்னீர் நண்டுக்கு அறிவியல் பெயர் கிடைத்ததோ 1986இல்தான். ஊருக்கு நடுவில் இருந்துகொண்டு இத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது!

இவை இரண்டும் அல்லாமல், உயிரினங்களைச் சேகரித்து வைக்கும் அரும்பொருளகத்தில் வேலை கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கிடைப்பதுதான் அரிது.

நேராக முனைவர் பட்டத்துக்குப் போகட்டும் என்பது அண்ணனின் கட்சி. தரவு அவளுடையதாகவே இருக்கும், உண்மைதான். ஆனால் சொந்தமாக ஒரு கேள்வி இல்லாமல் நான்கு ஆண்டுகளை எதில் செலவிடுவது? ஓராண்டு சேற்றில் நின்றால் கேள்வி தானே வரும்.

வியாழக்கிழமை ஆய்வகத்தில் நேர்காணல். 'கட்டுரையில் என் பெயர் வருமா?' என்று அலைபேசியில் குறித்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். அதற்கு மேல் வரியில் சம்பளம் இருந்தது.