புதிய லாரிக்கு வாரண்டி தர மறுக்கும் டீலர்: அங்கேயே நின்று போராடுவதா, வேறு பணிமனைக்குப் போவதா?

வாங்கி ஏழு மாதம்கூட ஆகாத எங்கள் லாரி, பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது மட்டும் இழுவை குறைந்து எச்சரிக்கை விளக்கை எரியவிட்டது. சமதளத்துக்கு வந்ததும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. விற்ற டீலரின் பணிமனைக்கு மூன்று முறை கொண்டு போனோம். மூன்று முறையும் ஸ்கேனரைச் செருகி, பதிவாகியிருந்த பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, "டீசல் சரியில்லை, வேறு பங்கில் நிரப்பிப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். நான்காவது முறை விளக்கு எரிந்தபோது எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. அதே டீலரிடம் நின்று, தயாரிப்பு நிறுவனத்தின் மேலதிகாரிகள் வரை எழுதிப் போராடலாம். அதே நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற வேறொரு டீலரின் பணிமனைக்குப் போகலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கைக்காசு கொடுத்துச் சரிசெய்துவிட்டு, அந்தப் பணத்தைப் பிறகு கேட்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். இன்று யாராவது கேட்டாலும் பெரும்பாலான குறைகளுக்கு அதையே சொல்வேன்.

மூன்றையும் எடைபோடுவதற்கு முன், வாரண்டி வேலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாரண்டி தருவது டீலர் அல்ல, தயாரிப்பு நிறுவனம். டீலர் வேலையைச் செய்து, அதற்கான கிளெய்மை நிறுவனத்துக்கு அனுப்பி, பாகத்தின் விலையையும் கூலியையும் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கூலியும் அவர் செலவிட்ட நேரத்துக்கு அல்ல, ஒவ்வொரு வேலைக்கும் நிறுவனம் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கும் மணிக்கணக்குக்குத்தான் கிடைக்கும். கழற்றிய பழைய பாகத்தை நிறுவனம் கேட்டால் காட்டுவதற்காகப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் செலவு டீலரின் தலையில் விழும். ஆகவே, பணிமனை வாசலில் நிற்கும்போது தெரியாமல், பாரத்தோடு மலையேறினால் மட்டும் தெரிகிற ஒரு குறையைத் தேடி ஆளையும் அரை நாளையும் செலவிடுவது அவருக்கு நட்டக் கணக்கு. இதனால் அவர் செய்தது நியாயமாகிவிடாது. டீலர் உரிமையை வாங்கியபோதே அந்தப் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஆனால் நாம் எதைக் கையில் கொடுத்தால் கிளெய்ம் நிற்கும் என்பது இதிலிருந்து புரிகிறது.

முதல் வழியின் நன்மைகள் வெளிப்படையானவை. பணிமனை பக்கத்தில் இருக்கிறது, ஆட்கள் பழக்கம், அடுத்த வண்டியையும் நம்மிடம் விற்க வேண்டும் என்ற எண்ணம் விற்பனைப் பிரிவுக்கு இருக்கும். பெயின்ட் குறை, கதவு சரியாகப் பொருந்தாதது, கேபினுக்குள் தண்ணீர் ஒழுகுவது போன்று டெலிவரி எடுத்த சில நாட்களிலேயே தெரிந்துவிடும் குறைகளுக்கு விற்ற டீலரே சரியான இடம். வண்டியை ஒப்படைக்கும் முன் முழுவதும் சோதித்துக் கொடுத்தவர் அவர்தான் என்பதால், அதை வேறொருவர் தலையில் கட்ட முடியாது.

ஓடும்போது மட்டும் வரும் குறைகளில்தான் இந்த வழி தேங்கிப்போகிறது. ஒரு முறை "டீசல் கோளாறு" என்று சொல்லிவிட்ட பணிமனை, தன் வாயாலேயே அதை மாற்றிச் சொல்ல எளிதில் முன்வராது. தயாரிப்பு நிறுவனத்துக்குப் புகார் எழுதினால் ஒரு புகார் எண் கிடைக்கும். அதன் பிறகு நிறுவனம் செய்யும் முதல் வேலை, அந்த டீலரிடமே அறிக்கை கேட்பது. டீலர் அனுப்பும் அறிக்கை அவர் எழுதி வைத்திருக்கும் ஜாப் கார்டுதான், அதாவது வண்டி உள்ளே வரும்போது நம் புகாரையும் செய்த வேலையையும் பதியும் பணிமனைத் தாள். அதில் "பரிசோதித்ததில் குறை காணப்படவில்லை" என்று இருந்தால், நாம் எத்தனை பக்கம் எழுதினாலும் மேலே இருப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த ஒற்றை வரிதான்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த ஜாப் கார்டு என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் கோப்பைத் திறந்து பார்த்தபோது நிலைமை இப்படி இருந்தது. முதல் தடவை போனதற்கு ஜாப் கார்டே போடவில்லை. "ஐந்து நிமிட வேலைதானே சார், எதற்கு?" என்று சர்வீஸ் அட்வைசர் கேட்டதற்கு நானும் தலையாட்டியிருந்தேன். இரண்டாவது தடவை, வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் "பொதுப் பரிசோதனை" என்று மட்டும் எழுதியிருந்தது. மூன்றாவதில் "பிக்கப் குறைவு", அதன் கீழே "குறை இல்லை, டீசலை மாற்றிப் பார்க்க அறிவுறுத்தப்பட்டது". அதாவது, மூன்று முறை வண்டியை நிறுத்தி, மூன்று நாள் வாடகையை இழந்திருக்கிறோம். காகிதத்தைப் பார்த்தால் குறை என்று ஏதோ சொல்லப்பட்டது ஒரே ஒரு முறைதான், அதுவும் இல்லை என்று முடிந்திருக்கிறது.

வாரண்டி ஓடுவது இரட்டைக் கணக்கில். இத்தனை மாதம் அல்லது இத்தனை கிலோமீட்டர், இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடிகிறது. நெடுந்தூரம் ஓடும் லாரிக்குக் கிலோமீட்டர்தான் முந்திக்கொள்ளும். எல்லைக்குள் பதிவான புகார் தீராமல் இழுத்தடிக்கப்பட்டு, எல்லை தாண்டிய பிறகு அதே குறை மீண்டும் வந்தால், "இது புதுக் குறை அல்ல, நீங்கள் அன்றைக்கே பார்த்து விட்டுவிட்டது" என்று நாம் வாதாடுவதற்கு இருக்கும் ஒரே ஆதாரம், தேதியும் மீட்டர் அளவும் போட்ட அந்த ஜாப் கார்டு. வாயால் சொன்ன மூன்று புகார்களைவிட எழுத்தில் ஏறிய ஒரு புகாருக்குப் பலம் அதிகம்.

ஆகவே புகார்க் கட்டத்தில் அட்வைசரின் சுருக்கெழுத்தை ஏற்காமல், நம் சொற்களையே எழுதச் சொல்ல வேண்டும்: எவ்வளவு பாரம், எத்தனையாவது கியர், எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஏறிய பிறகு இழுவை போகிறது, எரிவது மஞ்சள் விளக்கா சிவப்பு விளக்கா, வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். அதோடு பிழைக் குறியீட்டின் எண்ணும் ஏற வேண்டும். கனரக லாரிகளில் பெரும்பாலும் எஸ்ஏஇ ஜே1939 என்ற தரமுறையில்தான் குறியீடுகள் பதிவாகின்றன. அதில் எண்கள் இரண்டு பகுதியாக வரும்: எஸ்பிஎன் என்பது எந்த அளவீட்டில் குறை என்பதையும், எஃப்எம்ஐ என்பது என்ன வகைக் குறை என்பதையும் சொல்லும். 100 என்றால் எஞ்சின் ஆயில் அழுத்தம், 110 என்றால் குளிர்விப்பு நீரின் வெப்பநிலை. எங்கள் வண்டியில் பதிவானது 102, 18. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்று அதற்குப் பொருள். இந்த எண்ணைப் பார்த்தவர் முதலில் கை வைக்க வேண்டிய இடம், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவும் காற்றுக் குழாய்களும். டீசல் டேங்க் அல்ல. குறியீட்டை அழிக்கும்போது, குறை வந்த கணத்தில் எஞ்சின் எந்தச் சுற்றில், எந்தச் சுமையில் இருந்தது என்று சேமிக்கப்பட்டிருக்கும் விவரமும் சேர்ந்தே போய்விடும். அழிப்பதற்கு முன் ஸ்கேனரின் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு மூன்றாவது தடவைதான் உறைத்தது.

இனி நான் தேர்ந்தெடுத்த வழி. வாரண்டி கையேட்டைப் புரட்டியபோது, அங்கீகாரம் பெற்ற எந்தப் பணிமனையிலும் வாரண்டி வேலை செய்துகொள்ளலாம் என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. பல நிறுவனங்களின் நடைமுறை இதுதான் என்றாலும், அவரவர் கையேட்டில் அந்த வரியைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பழைய இரண்டு ஜாப் கார்டுகளின் நகலையும், ஏற்றத்தில் விளக்கு எரிவதை ஓட்டுநர் எடுத்திருந்த காணொளியையும், குறியீட்டின் படத்தையும் எடுத்துக்கொண்டு, பாரத்தை இறக்காமலேயே வேறொரு டீலரின் பணிமனைக்குப் போனோம். பாரத்தோடு போனது நாங்கள் செய்த மிகச் சரியான காரியம். காலி வண்டியில் அந்தக் குறை அங்கேயும் தெரிந்திருக்காது.

அங்கிருந்த அட்வைசர் நான் சொன்னதை அப்படியே எழுதி, எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து கேட்டார். டெக்னீஷியன் மடிக்கணினியை இணைத்துக்கொண்டு ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறினார். பக்கத்திலிருந்த ஏற்றத்தில் பாதி ஏறுவதற்குள் திரையில் இரண்டு கோடுகள் பிரிந்தன: எஞ்சின் கேட்கும் காற்றழுத்தம் ஒரு கோடு, உண்மையில் கிடைப்பது இன்னொன்று. திரும்பி வந்ததும், டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் இரு வாய்களையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, மேலே சோப்புத் தண்ணீரைத் தெளித்தார்கள். பக்கவாட்டுத் தொட்டி நடுப்பகுதியோடு சேரும் வெல்டில், தலைமுடி அளவு விரிசலில் இருந்து நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. விரிசலைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு ஆயிலும் தூசியும் சேர்ந்து கறுத்துப் போயிருந்தது. அது பல வாரக் கசிவு. முதல் பணிமனையில் யாராவது ஒரு தடவை விளக்கடித்துப் பார்த்திருந்தாலே கண்ணில் பட்டிருக்கும். கிளெய்ம் கேள்வியில்லாமல் ஏற்கப்பட்டது, பாகம் வர ஒன்பது நாள் ஆனது, குறை போயிற்று.

இந்த வழிக்கும் எல்லைகள் உண்டு. தான் விற்காத வண்டி என்றால் சில பணிமனைகள் வரிசையில் பின்னால் தள்ளும்; அதற்கு நேரம் குறித்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முதல் டீலர் எழுதிய "குறை இல்லை" என்ற வரி நிறுவனத்தின் கணினியில் அங்கேயும் தெரியும் என்பதால், வெறுங்கையோடு போனால் அதே பதில் திரும்பக் கிடைக்கக்கூடும். பாடி இல்லாத சேசிஸாக வாங்கித் தனியாகக் கட்டிய பாடியின் குறைக்குப் பாடி கட்டியவர்தான் பொறுப்பு. டயருக்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் அவற்றைத் தயாரித்தவர்களே தனி வாரண்டி தருகிறார்கள். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ஃபில்டர் போன்ற தேயும் பாகங்கள் இயல்பாகத் தேய்ந்தால் வாரண்டியில் வராது. இவற்றுக்கு டீலரை மாற்றிப் பயனில்லை. சுற்றுவட்டாரத்தில் அந்த நிறுவனத்துக்கு ஒரே ஒரு டீலர்தான் என்றால் முதல் வழிதான் மிஞ்சும். அப்போதும் நல்ல ஜாப் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியை நேரில் பார்க்க ஏரியா சர்வீஸ் மேனேஜரை அனுப்பும்படி எழுத்தில் கேட்கலாம்.

மூன்றாவது வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியில் கழற்றிய பாகம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் நிறுவனம் சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது, கிளெய்மும் அதோடு சேர்ந்து போய்விடும். நடுவழியில் நின்று வேறு கதி இல்லாத நிலைமையில், நிறுவனத்தின் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்து, அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பாகத்தைக் கழற்றும் முன்னும் பின்னும் படம் எடுத்து, பழைய பாகத்தையும் ரசீதையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் மட்டுமே பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. வெளியில் செய்யும் சாதாரண ஆயில் சர்வீஸ் வேறு விஷயம் என்றாலும், அதற்கும் ஆயிலின் தரம் குறிப்பிட்ட ரசீது வேண்டும். புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டியாக இருந்தால், 32.5 சதவீத யூரியா கொண்ட, ஐஎஸ்ஓ 22241 தரக் குறிப்புள்ள கரைசலையே வாங்கி, அதன் ரசீதையும் வைத்திருக்க வேண்டும். புகைப்பாதையில் எந்தக் குறை வந்தாலும் முதல் பழி அதன் மேல்தான் விழும்.

வழக்குக்குப் போவதைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை. தெரிந்தவரை, தொழிலுக்கு வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் சட்டம் எளிதில் கைகொடுப்பதில்லை. வாரண்டியைக் காப்பாற்ற நிறுவனத்தின் பாகத்தையும் சேவையையும்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதைத் தடுக்கும் அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டின் மாக்னுசன்–மாஸ் சட்டம், குடும்ப, சொந்தப் பயன்பாட்டுப் பொருள்களுக்கானது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்கினாலும், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை நுகர்வோராகவே ஏற்கிறது. ஒற்றை லாரி வைத்துத் தானே ஓட்டுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

மாற்றிய இன்டர்கூலருக்குப் புதிதாக வாரண்டி தொடங்காது, வண்டியின் மீதிக் காலம் வரைதான் என்று அந்தப் பணிமனையில் சொன்னதால், அந்த வேலையின் ஜாப் கார்டைக் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன். ஆயில் மாற்ற இப்போதும் பக்கத்திலிருக்கும் பழைய டீலரிடம்தான் போகிறோம். சாவியைக் கொடுப்பதற்கு முன் புகார்க் கட்டத்தை வாசித்துப் பார்க்கிறேன். நான் சொன்னது அதில் இல்லையென்றால் திருத்தி எழுதிய பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.