சினையாக இருக்கும் நாய்க்கு வீடு தேடி வந்து ஊசி போடுவோரைப் பற்றி ஓர் எச்சரிக்கை

பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் வட்டாரங்களில் தோட்டத்துச் சாளைகளில் நாய் வளர்ப்போர் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கால்நடை மருத்துவம் படிக்காமல், மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுப் பழகிய ஒருவர் தம்மை ‘டாக்டர்’ என்று சொல்லிக்கொண்டு இருசக்கர வண்டியில் தோட்டம் தோட்டமாக வந்து போகிறார். அவரை நம்பியதால் எங்கள் நாய் தன் குட்டிகளை இழந்தது. அதைவிடவும், நடந்ததற்கெல்லாம் என் அம்மாவே காரணம் என்று அவர் சொல்லிவிட்டுப் போன ஒரு சொல், எங்கள் வீட்டில் பல வாரங்கள் சோறு தண்ணீர் இறங்காமல் செய்தது.

எங்கள் செவலை ஒரு நாட்டு நாய். சினையாகி ஒரு மாதம் கடந்த நிலையில் அவளுக்கு முதுகிலும் வால் அடியிலும் அரிப்பு கண்டு, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தார் சொல்லி வந்த அந்த மனிதரிடம், நாய் சினையாக இருப்பதை அம்மா முதல் வார்த்தையாகச் சொன்னார். “அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க, ரெண்டு மூணு ஊசியில சரியாயிருமுங்க” என்று சொல்லி, நாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி போட்டவர், தொடர்ந்து சில நாள் வந்து அதையே போட்டார். மருந்தின் பெயரைக் கேட்டபோது ‘அலர்ஜி ஊசி’ என்றாரே தவிர, சீட்டு எதுவும் எழுதித் தரவில்லை. அரிப்பு உடனே அடங்கியதால் எங்களுக்கும் அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த வாரத்தில் செவலை தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு ரத்தம் கலந்த கசிவு தொடங்கி, அன்று இரவே மயிர்கூட முளைக்காத ஐந்து குட்டிகள் உயிரில்லாமல் வெளியே வந்தன. விடிந்ததும் வந்த அந்த மனிதர், கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வதாக இன்னோர் ஊசி போட்டு, எல்லாவற்றுக்குமாக 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஏன் இப்படி ஆயிற்று என்று அம்மா அழுதுகொண்டே கேட்டதற்கு, “சினை நாயக் குளிக்க வெச்சா இப்புடித்தானுங்க ஆகும். நீங்கதான் பார்த்து நடந்திருக்கோணும்” என்றார். புண்ணுக்கு நல்லது என்று அம்மா வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை வெதுவெதுப்பாக ஆற்றி அவளைக் குளிப்பாட்டியது உண்மைதான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முழுப் பழியையும் அம்மா மேல் இறக்கி வைத்துவிட்டு, அந்த மனிதர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே செவலைக்குக் காய்ச்சல் ஏறியதால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவளைக் கொண்டு சென்றோம். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அந்த மனிதர் வீசிவிட்டுப் போயிருந்த காலி மருந்துப் புட்டியை என் தம்பி எடுத்து வைத்திருந்தான். அதில் டெக்சாமெத்தசோன் என்று இருந்தது. அது ஸ்டீராய்டு வகை மருந்து என்றும், அரிப்பைச் சட்டென்று அடக்கும் என்றும், சினையின் பின்பாதியில் தொடர்ந்து கொடுத்தால் குட்டிகள் இறக்கவும் கருச்சிதைவு ஆகவும் கூடும் என்றும் அங்கிருந்த மருத்துவர் விளக்கினார். நியாயமான மனிதராகையால், புட்டியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். புரூசெல்லா என்னும் கிருமியாலும், நாய்களுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸாலும், சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் சுரப்பு குறைவதாலும் குட்டிகள் கலையலாம் என்பதால் ரத்தம் எடுத்துச் சோதித்தார். புரூசெல்லா மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால், கலைந்த குட்டிகளையும் கசிவையும் வெறுங்கையால் தொடக் கூடாது என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் இன்னும் மிச்சம் இருப்பது தெரிந்து, மருந்து கொடுத்து அதை வெளியேற்றி, செவலையைப் பிழைக்க வைத்தார்கள்.

புறப்படும்போது அம்மா தயங்கித் தயங்கிக் குளிப்பாட்டியதைப் பற்றிக் கேட்டார். “வெதுவெதுப்பான தண்ணியில குளிக்க வெச்சதால குட்டி கலையாதுங்கம்மா. இது உங்களால ஆனதில்லைங்க” என்று அந்த மருத்துவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்டும் அம்மாவின் மனம் உடனே ஆறிவிடவில்லை. நாய்க்குப் போய் இவ்வளவு அழலாமா என்று வீட்டுக்கு வந்த உறவினர்கள் கேட்டது அவரை இன்னும் ஒடுங்க வைத்தது. மாடு கன்று வீசினால் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள், நாயின் இழப்பை மட்டும் ஏன் சிறிதாக நினைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

செவலையின் நடத்தையும் அம்மாவை வாட்டியது. அவளுக்கு மடியில் பால் கட்டியது. ஒரு தேங்காய் மட்டையைக் கவ்விக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்து, யாரையும் நெருங்க விடாமல் காவல் இருந்தாள். சினை கலைந்ததும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் சுரப்பு உயர்வதால் இப்படி நடக்கும் என்றும், பாலைக் கறந்து விட்டால் மேலும் சுரக்கும் என்பதால் மடியைத் தொடக் கூடாது என்றும், அவளே நக்காமல் இருக்கக் கழுத்துக்குக் கூம்பு மாட்டி, காலையும் மாலையும் நடக்கக் கூட்டிச் செல்ல வேண்டும் என்றும் மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். அந்த நடையை அம்மாவே ஏற்றுக்கொண்டார். வாய்க்கால் கரை வரை அவளோடு போய் வரத் தொடங்கிய பிறகுதான் அம்மா இரவில் தூங்கினார். இன்னொன்றும் உதவியது: எந்த நாளில் என்ன ஊசி, எப்போது கசிவு, யார் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் நானும் அம்மாவும் சேர்ந்து ஒரு நோட்டில் வரிசையாக எழுதினோம். குளிப்பாட்டியதற்கு முன்பே செவலை தீனியை வெறுக்கத் தொடங்கிவிட்டாள் என்பதை அம்மா தம் கையெழுத்திலேயே பார்த்தார்.

இதைப் படிப்போரில் யாருக்காவது இதே இழப்பு நேர்ந்து, யாராவது உங்களைக் கைகாட்டியிருந்தால், மருத்துவரிடம் காரணம் கேட்காமல் அந்தப் பழியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் நாய் சினையாக இருந்தால், ஊசி போட வருபவரிடம் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றப் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவரே நோய்க்கு மருத்துவம் செய்யலாம், பயிற்சி பெற்ற உதவியாளர்கள் சிறு சிகிச்சைகளை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யலாம். மருந்தின் பெயரை எழுதித் தராதவரைத் திருப்பி அனுப்புங்கள். ஸ்டீராய்டு மட்டுமன்றி, டாக்சிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் போன்ற வழக்கமான கிருமிக்கொல்லி மருந்துகளும் வயிற்றுக் குட்டிகளுக்குத் தீங்கு செய்யக்கூடும். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். அதற்கு முன்பே ரத்தக் கசிவோ, முதல் குட்டி வராமலே பச்சை நிறக் கசிவோ கண்டால், இரவானாலும் மருத்துவமனைக்கே கொண்டு செல்லுங்கள்.

காலிப் புட்டியின் படத்தையும், கல்லூரியில் தந்த சீட்டையும், அந்த நோட்டின் நகலையும் இணைத்து, மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறை இணை இயக்குநருக்கு மனு எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்திருக்கிறோம். மனுவில் அம்மாதான் கையெழுத்திட்டார். அந்த மனிதர் இப்போதும் எங்கள் பக்கத்தில் வண்டியில் வந்து போய்க்கொண்டிருக்கிறார்.