மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு: குன்னூர் பாதையா, கோத்தகிரி பாதையா?

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றைத் தாண்டியதும் ஊட்டிக்குப் போக இரண்டு வழிகள். கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியாகப் போனால் ஏறக்குறைய 52 கி.மீ. குஞ்சப்பனை, கோத்தகிரி வழியாகப் போனால் பத்து கி.மீ. கூடுதல். தூரத்தை மட்டும் பார்ப்பவர்கள் குன்னூர் பாதையைத்தான் எடுப்பார்கள். ஆனால் இறங்கும்போது எந்தப் பாதை என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன்பின் ஏறும் வழியைத் தீர்மானிப்பதே சரி.

குன்னூர் பாதையில் கல்லாறு வரை சமதளம். அதன்பின் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாக்குத் தோப்பும் பலா மரங்களுமாகத் தொடங்கி, மேலே போகப் போக டீத்தோட்டமாக மாறும் காட்சி இந்த ஏற்றத்தின் அழகு. 1899-இல் குன்னூர் வரை வந்த பல்சக்கர ரயில் பாதையும் இதே பள்ளத்தாக்கில்தான் ஏறுகிறது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படும் ரயிலோடு ஒட்டிக் கிளம்பினால் வழியில் அதைப் பார்க்க வாய்ப்புண்டு. ஜூன், ஜூலையில் பர்லியாறு பக்கம் மங்குஸ்தான் விற்பார்கள், வாங்காமல் போகாதீர்கள்.

தொல்லை, நெரிசல்தான். பஸ், லாரி, சுற்றுலா வேன் எல்லாம் இதே பாதையில். பெரிய பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பச் சாலையின் முழு அகலமும் வேண்டும். அதனால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள். மேலேறும் வண்டிக்கே முன்னுரிமை. முன்னால் போகும் பஸ்ஸை ஒட்டிப் போய் அரை கிளட்சில் நின்று நின்று ஏறினால் கிளட்ச் தட்டு கருகும். இடைவெளி விட்டு முதல் கியரில் மெதுவாக ஏறுங்கள். வெப்பமுள் ஏறினால் ஏசியை அணைத்து, அகலமான இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை ஐடிலில் விடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது.

கோத்தகிரி பாதையில் கொண்டை ஊசிகள் குறைவு, கனரக வண்டிகளும் குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கி.மீ.-இல் கோத்தகிரி. அங்கிருந்து கட்டபெட்டு வழியாகத் தொட்டபெட்டா சந்திப்புக்கு ஏறி ஊட்டிக்குள் இறங்கும். வாந்தி வரும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே மேல். நேரமிருந்தால் கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்குப் போய், கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கையும் தெங்குமரஹாடாவையும் பார்க்கலாம்.

ஆனால் இறங்கும்போது இந்தச் சாலையின் எளிமையே ஆபத்தாகிறது. கொண்டை ஊசி வளைவு ஓட்டுநரை இரண்டாம் கியருக்குக் கட்டாயப்படுத்தும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லாததால் மூன்றாம், நான்காம் கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறார்கள். பிரேக் பேட் சூடேறிப் பிடிமானம் குறையும்; பிரேக் திரவம் கொதித்துக் குமிழி உண்டானால் பெடல் பஞ்சுபோல அமுங்கும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் அல்லது ‘எல்’ (தாழ்ந்த கியர்) நிலை. நியூட்ரல் கூடவே கூடாது. தொடர்ந்து மிதிக்காமல், வேகம் கூடும்போது அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். கருகிய வாடை வந்தால் இருபது நிமிடம் நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளையலாம், விரிசல் விடலாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.

எங்கள் பரிந்துரை: ஏற குன்னூர், இறங்க கோத்தகிரி. கியரை மட்டும் சரியாகப் பிடித்தால், வளைவும் கனரக வண்டியும் குறைந்த பாதையே இறங்க நல்லது. கோடை சீசனில் காவல்துறை நடைமுறைப்படுத்தும் ஒருவழிப் போக்குவரத்தும் இதே வரிசைதான். மற்ற நாட்களிலும் காலை ஏழு மணிக்குள் கல்லாற்றைத் தாண்டி, திரும்பும்போது பிற்பகல் மூன்று மணிக்குள் ஊட்டியை விட்டால் வெளிச்சத்திலேயே இறங்கிவிடலாம். இருட்டியபின் இரு பாதைகளிலும் யானையும் காட்டெருமையும் சாலைக்கு வரும். அப்போது ஹாரன் அடிக்காமல், ஹை பீம் போடாமல், தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு இரு பாதைகளுக்கும் பொது. 2009 நவம்பரில் நீலகிரி பட்ட பாடு தெரிந்தவர்கள், கனமழை எச்சரிக்கை வந்த நாளில் மேட்டுப்பாளையத்திலேயே தங்கிவிடுவார்கள்.

எந்த வழியானாலும் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை உண்டு. கிளம்புமுன் நிலவரம் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மாவட்டத்தில் தடை. எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.