டோக்கன் சாப்பாடா, கைக்காசா? டிஸ்னி வேர்ல்டின் உணவுத் திட்டங்கள்: ஓர் ஒப்பீடு

அக்கா நியூஜெர்சியில் இருக்கிறாள். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போக ஏற்பாடு. ஹோட்டலையும் பூங்கா டிக்கெட்டையும் முடிவு செய்துவிட்டு, பணம் கட்டும் இடத்தில் தயங்கி நின்றுவிட்டாள். "சாப்பாட்டுத் திட்டத்தையும் சேர்க்கவா என்று கேட்கிறது. ஐந்து இரவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. நீதான் இரண்டு முறை போயிருக்கிறாயே, சொல்" என்றாள். ஒரு முறை திட்டம் வாங்கியும், இன்னொரு முறை வாங்காமலும் போனவன் நான். அவளுக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். அவள் வீட்டில் பெரியவர்கள் இருவர், எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். எல்லோரும் சைவம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், ஏனென்றால் விடை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இந்தத் திட்டம் உடனே பிடிபடும். முன்பணம் கட்டி டோக்கன் புத்தகம் வாங்குவோம், வேளைக்கு ஒன்றைக் கிழித்துக் கொடுப்போம். டிஸ்னியில் அந்த டோக்கனுக்குப் பெயர் கிரெடிட். கையில் கட்டியிருக்கும் மேஜிக் பேண்ட் என்ற மின்னணுப் பட்டையைக் கவுன்ட்டர் கருவியில் வைத்தால் ஒன்று கழிந்துவிடும். டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குபவர்கள் மட்டுமே வாங்க முடியும். அறையில் மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரும், ஒரே வகைத் திட்டத்தைத்தான் வாங்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் என்ற பேச்சுக்கு இடமில்லை.

வகை இரண்டு. மலிவான திட்டத்தில், தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடும் உணவு இரண்டு, நொறுக்குத்தீனி ஒன்று. விலை கூடிய திட்டத்தில் அந்த இரண்டு கவுன்ட்டர் வேளைகளில் ஒன்று, மேசையில் உட்கார்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிடும் வேளையாக மாறும். இரண்டிலும் ஹோட்டலில் நிரப்பிக்கொள்ளும் குவளை ஒன்று உண்டு. பெருந்தொற்றில் நின்றுபோயிருந்த திட்டம் 2024 ஜனவரியில் மீண்டும் வந்தபோது கவுன்ட்டர் திட்டம் பெரியவருக்கு இரவொன்றுக்கு 57.01 டாலர், மூன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு 23.83 டாலர். மேசைத் திட்டம் பெரியவருக்கு 94.28, குழந்தைக்கு 29.69. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் இந்த நான்கு எண்களுக்கு இடையே உள்ள உறவில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

பெரியவருக்கு இரண்டு திட்டங்களுக்கும் வித்தியாசம் 37.27 டாலர். அதாவது ஒரு கவுன்ட்டர் வேளையை மேசை வேளையாக மாற்றிக்கொள்ள அவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம். கவுன்ட்டரில் ஒரு சாப்பாடும் பானமும் சுமார் இருபது டாலர் என்று வையுங்கள். அப்படியானால் மேசையில் நீங்கள் சாப்பிடுவது ஐம்பத்தேழு டாலருக்காவது இருந்தால்தான் போட்ட காசு திரும்பும். மேசை கிரெடிட்டில் கிடைப்பது பிரதான உணவு ஒன்று, இனிப்பு ஒன்று, பானம் ஒன்று. மாட்டிறைச்சி ஸ்டேக்கும் காக்டெயிலும் சாப்பிடுபவருக்கு ஐம்பத்தேழு எளிதாக வந்துவிடும். காய்கறி பாஸ்தாவும் எலுமிச்சைச் சாறும் போதும் என்பவருக்கு வராது. 2018 முதல் இருபத்தொரு வயதானவர்களுக்கு உணவோடு ஒரு மதுபானமும் திட்டத்தில் சேர்ந்தது. அது கணக்கில் வைக்கப்பட்ட திட்டத்தைக் குடிக்காதவர் வாங்கும்போது, பக்கத்து மேசைக்காரரின் கோப்பைக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

இப்போது குழந்தையின் கணக்கைப் பாருங்கள். அங்கே வித்தியாசம் வெறும் 5.86 டாலர்! மிக்கியும் மின்னியும் மேசைக்கு மேசை வந்து கைகொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் பஃபே உணவகங்களில், உதாரணமாகக் கன்டெம்பரரி ஹோட்டலின் ஷெஃப் மிக்கீஸ் போன்றவற்றில், குழந்தைக்கே முப்பது டாலருக்கு மேல் ஆகும். பெரியவருக்கு ஐம்பதைத் தாண்டும். அந்த ஒரே வேளையில் பிள்ளையின் அன்றைய திட்டக் காசு முழுவதும் திரும்பிவிடுகிறது. மீதி கவுன்ட்டர் சாப்பாடும் தீனியும் லாபம். ஆகவே மேசைத் திட்டம் யாருக்குக் கட்டுப்படியாகும் என்றால், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு போய், ஏறக்குறைய தினமும் இப்படி டிஸ்னி கதாபாத்திரங்களோடு பஃபே சாப்பிட நினைக்கும் குடும்பத்துக்கு. பத்து வயது நிறைந்துவிட்டால் பிள்ளை பெரியவர் கணக்கு. இலையில் வைத்ததில் பாதியைச் சாப்பிடாத பதினோரு வயதுப் பெண்ணுக்கும் பெரியவர் விலைதான்.

விலைப்பட்டியலில் தெரியாத செலவு ஒன்று உண்டு. திட்டத்தில் டிப்ஸ் சேராது. கிரெடிட்டைக் கழித்த பிறகும், சாப்பிட்டதன் பட்டியல் விலையைப் போட்ட ஒரு ரசீது வரும். அந்தத் தொகைக்குத்தான் டிப்ஸ் வைக்க வேண்டும். ஆறு பேரோ அதற்கு மேலோ போனால் பதினெட்டு சதவீதத்தை அவர்களே சேர்த்துவிடுவார்கள். எல்லாம் கட்டியாகிவிட்டது என்ற நினைப்பில் விலை உயர்ந்ததாகவே வரவழைத்து, நால்வருக்கு இருநூறு டாலர் ரசீது வந்தால், நாற்பது டாலர் கையிலிருந்து போகும். ஐந்து நாளில் அது இருநூறு. பரிமாறும் தொழிலாளியின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான் என்பதால் அதில் கை சுருக்கவும் கூடாது. ஆகவே இதை முதலிலேயே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி உணவகங்களின் பக்கம் வருகிறேன். திட்டம் வாங்காதவர்களையும் இது பாதிக்கிறது என்பதால் இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்றைய வடிவில் இந்தத் திட்டம் 2005இல் தொடங்கியது. அப்போது மேசை கிரெடிட்டில் ஸ்டார்ட்டரும் உண்டு, டிப்ஸும் உண்டு. 2008இல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் மக்கள் சாப்பிடும் முறையே மாறிவிட்டது. டோக்கன் கையில் இருக்கும்போது யாரும் விலையைப் பார்ப்பதில்லை. ஒரு கிரெடிட்டுக்குக் கோழியும் வரும், ஸ்டேக்கும் வரும் என்றால் எல்லோரும் ஸ்டேக்தான் கேட்பார்கள். டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான எப்காட்டில் கனடா அரங்கத்தின் அடியில் இருக்கும் லெ செல்லியே ஸ்டேக் உணவகம் இதற்குச் சரியான சாட்சி. ஒரே கிரெடிட்டுக்கு நல்ல ஸ்டேக் கிடைக்கும் இடம் என்று பெயர் பரவி, பூங்காவிலேயே இடம் கிடைக்காத உணவகங்களில் ஒன்றாக அது ஆயிற்று. பிறகு அதை இரண்டு கிரெடிட் வரிசைக்கு உயர்த்தினார்கள். அதே அறை, அதே நாற்காலி, ஆனால் டோக்கன் இரண்டு. சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் உணவகமும் இரண்டு கிரெடிட்தான். இரண்டு கிரெடிட் உணவகத்தில் ஒரு வேளை சாப்பிட்டால் இரண்டு நாள் மேசை உணவு ஒரே மூச்சில் போய்விடும். இருந்தும் கோட்டைக்குள் சாப்பிட வேண்டும் என்று ஐந்து வயதுக் குழந்தை ஆசைப்பட்டால் எந்தத் தாய் மறுப்பாள்?

முன்பதிவிலும் இதே கதை. மேசைத் திட்டம் வைத்திருப்பவர் நாளுக்கு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டே தீர வேண்டும். சாப்பிடாவிட்டால் கிரெடிட் வீண். அதனால் முன்பதிவு திறந்த உடனே நாள்தோறும் ஓர் இடம் பிடித்துவிடுகிறார்கள். பெருந்தொற்றுக்கு முன் 180 நாள் முன்னதாகவே பதிவு செய்யலாம். இப்போது அறுபது நாள். அரை ஆண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு எனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று முடிவு செய்ய வேண்டியிருந்த காலத்தில், பசித்த நேரத்தில் நடந்து போய் இடம் கேட்பவருக்குக் கதவு சாத்தியே இருந்தது. அறுபது நாள் என்று ஆனபின் நிலைமை கொஞ்சம் தேவலை.

சமையலறைக்கும் இது நல்லதில்லை என்பது என் கருத்து. எந்தத் தட்டுக்கும் ஒரே கிரெடிட் என்னும்போது, செலவு பிடிக்கும் பண்டத்தைச் சமைக்கும் ஆர்வம் குறைவது இயல்பு. எதிர்ப்பக்கம் நிற்கும் உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டலில் இருக்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் இப்போதைய திட்டத்தில் சேராது. பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதியும் இல்லை. சிறந்த சமையலுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரத்தை 2024இல் பெற்றது அந்த உணவகம்.

ஆனால் எல்லாப் பழியையும் திட்டத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. 2020 மார்ச் முதல் 2023 முடியும்வரை திட்டமே கிடையாது. அந்த ஆண்டுகளில் விலை இறங்கவில்லை, ஏறியது. கலிஃபோர்னியா கிரில் என்ற டிஸ்னி உணவகம் 2021இல் தனித்தனியாக வரவழைக்கும் முறையை விட்டுவிட்டு, ஒருவருக்கு இவ்வளவு என்ற முழு விருந்துக்கு மாறியது. திட்டமே இல்லாத காலத்திலும் அங்கே டோக்கன் போலத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. முன்கூட்டியே பணத்தை வாங்கி வைத்துக்கொண்டால் விருந்தினர் வெளியே போய்ச் சாப்பிடமாட்டார், சமையலறைக்கும் கூட்டம் உறுதி. நிர்வாகத்துக்கு அந்த ருசி பிடித்துப்போன பிறகு பெயர் எதுவானால் என்ன?

திட்டத்தோடு போன முறை நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹோட்டலை விட்டுக் கிளம்பும் நாள் நள்ளிரவோடு மீதிக் கிரெடிட்கள் காலாவதியாகிவிடும். எங்கள் கையில் ஏழு தீனிக் கிரெடிட்கள் மிஞ்சியிருந்தன. முந்தின நாள் இரவு பத்து மணிக்குக் கவுன்ட்டர் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, கூடையில் பொட்டலம் பொட்டலமாக அரிசிப்பொரி மிட்டாயை அடுக்கிக்கொண்டு, பேரனிடம் இன்னும் எத்தனை மிச்சம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பசியில் வந்தவர் அந்த வரிசையில் ஒருவரும் இல்லை. நானும் ஏழு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தேன். ஊருக்கு வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் தீர்ந்தன.

கைக்காசோடு போன முறை அனுபவம் வேறு. அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஹோட்டலில் சனா என்று ஓர் உணவகம். ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய மணம். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி மேய்கிறது. அங்கே ரொட்டித் தட்டு ஒன்று பிரசித்தம்: நான், குல்ச்சா, பனீர் பராத்தா என்று ஐந்து வகை, தொட்டுக்கொள்ள ஒன்பது கிண்ணம். மாம்பழச் சட்னி, புளிச் சட்னி, வெள்ளரிக்காய்ப் பச்சடி, பூண்டு ஊறுகாய், காரமான மிளகாய்ச் சம்பல். நானும் மனைவியும் அதையும் இரண்டு தண்ணீரையும் மட்டும் கேட்டோம். வயிறு நிறைந்தது. இந்தத் தட்டு ஸ்டார்ட்டர் வகையில் வருவதால் மேசை கிரெடிட்டுக்குள் அடங்காது. அந்த உணவகத்தில் சைவக்காரருக்கு மிகவும் பிடிக்கக்கூடியதை டோக்கன் வைத்திருப்பவர் தனிக்காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், பிறகு வேண்டாத பிரதான உணவையும் வேண்டாத இனிப்பையும் கிரெடிட்டுக்காகச் சாப்பிட வேண்டும்.

கட்டுச்சோற்றையும் மறந்துவிட வேண்டாம். பூங்காவுக்குள் சொந்த உணவு கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. புளியோதரையும் தயிர்ப்பாட்டிலும் பையில் இருந்தால் மதியம் வரிசையில் நிற்கும் முக்கால் மணி நேரம் மிச்சம். கவுன்ட்டர்களில் குளிர்ந்த குடிநீர் கேட்டால் இலவசமாகவே கொடுப்பார்கள். கவுன்ட்டர் திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்காததற்குக் காரணமும் இதுதான்: இரண்டு சாப்பாடும் ஒரு தீனியும் பீர் இல்லாமல் ஐம்பத்தேழு டாலருக்கு வருவதே கடினம்.

ஒப்பிட்டுப் பார்க்க டிஸ்னிலேண்ட் பாரிஸும் உண்டு. அங்கே ஐரோப்பிய ஹோட்டல் வழக்கப்படி காலை உணவோடு ஒரு வேளை, அல்லது காலை உணவோடு இரண்டு வேளை என்று விற்கிறார்கள். சைவக்காரருக்குக் காலை உணவு சேர்ந்திருப்பதே பெரிய நிம்மதி.

டிஸ்னி அவ்வப்போது திட்டத்தை இலவசமாகத் தருவதும் உண்டு. 2005இல் கூட்டம் குறைந்த பருவத்தில் தொடங்கிய சலுகை அது. அறை வாடகையை முழுவதுமாகக் கட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. விலை குறைந்த ஹோட்டலில் நான்கு பேர் என்றால் இலவசச் சாப்பாடு லாபம், விலை உயர்ந்த ஹோட்டலில் இருவர் என்றால் வாடகைத் தள்ளுபடியே மேல். 2026இல் தள்ளுபடியில்லாத தொகுப்போடு பெரியவர்கள் திட்டம் வாங்கினால் மூன்று முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குத் திட்டம் இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள். அக்கா வீட்டுக் கணக்கைப் புரட்டிப்போட்டது இந்த அறிவிப்புதான்.

பழைய விலையில் அவர்கள் நால்வருக்கும் மேசைத் திட்டம் இரவுக்கு 247.94 டாலர், ஐந்து இரவுக்கு 1,239.70. பிள்ளைகளின் பங்கு இல்லாவிட்டால் அது இரவுக்கு 188.56. இப்போதும் பெரியவர்கள் இருவரும் சைவம், குடிக்காதவர்கள். தினமும் கதாபாத்திர பஃபே சாப்பிட்டால் மட்டுமே திட்டம் வெல்லும். "தினமும் மிக்கியோடு சாப்பிடப் போகிறீர்களா?" என்று கேட்டேன். அக்கா சற்று யோசித்துவிட்டு, "ஒரு நாள் போதும். மற்ற நாள் பிள்ளைகள் தூங்கி எழவே பத்தாகிவிடும்" என்றாள். அப்படியானால் திட்டம் வேண்டாம், அந்த ஒரு நாளுக்கு மட்டும் அறுபது நாள் முன்னால் காலையிலேயே முன்பதிவு செய்துவிடு, ஒரு மாலை சனாவுக்குப் போ என்றேன். புளிக்காய்ச்சலை எந்த டப்பாவில் எடுத்துப் போவது என்பதைப் பற்றி அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசினோம்.