கணக்கில் தங்கிய 412 பவுண்ட்

எங்கள் வீடு லண்டன் ஹாரோவில். கேஸ், கரண்ட் இரண்டுக்கும் ஒரே நிறுவனம், மாதம் 165 பவுண்ட் டைரக்ட் டெபிட்டாக வங்கியிலிருந்து தானாகவே போகும். கோடையில் சேரும் மிச்சம் குளிர்காலத்தில் கரைய வேண்டும், அதுதான் கணக்கு. ஆனால் ஏப்ரலில், ஹீட்டர் ஓடி முடிந்த பிறகும், பில்லில் எங்கள் பணம் 412 பவுண்ட் மிச்சமாக நின்றது.

நிறுவனத்தின் சாட்டில் அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். "அடுத்த குளிருக்கு இருக்கட்டுமே" என்றார்கள். கோபம் வந்தது. எங்களுக்கு அது ஒரு மாதத்து மளிகைக் காசு.

படிக்கட்டுக்குக் கீழே டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்தேன். மூன்று மாதமாக அவர்கள் போட்டது உத்தேச ரீடிங், அதுவும் கூடுதலாக! சரியான எண்ணைப் படம் எடுத்து அனுப்பி, புகாராகவே பதியச் சொன்னேன். நாம் கேட்டால் மிச்சத்தைத் தர வேண்டும், மறுத்தால் நியாயமான காரணம் சொல்ல வேண்டும் என்பது எரிசக்தி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஆஃப்ஜெம் அமைப்பின் விதி. எட்டு வாரத்தில் தீராவிட்டால் இத்தகைய புகார்களை விசாரிக்கும் எனர்ஜி ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. இதையும் எழுதினேன். ஒன்பதாம் நாள் பணம் வங்கிக்கு வந்துவிட்டது. அப்புறம் மாதத் தொகையையும் 138 ஆகக் குறைத்தார்கள்.

ஆப் நல்ல ஆப், பில்லும் தெளிவு. ஆனாலும் இந்த நிறுவனத்துக்கு என் மதிப்பீடு இரண்டு நட்சத்திரம்தான். ஆங்கிலத்தில் வாதாடத் தயங்கும் என் மாமியார் போன்றவர்கள் அந்த முதல் பதிலோடு விட்டிருப்பார்கள்.