நாய் சொறிகிறதா? முடியை வாங்கி அலர்ஜி டெஸ்ட் செய்கிறோம் என்றால் பணம் கட்டாதீர்கள்

நாயின் முடியையும் எச்சிலையும் வாங்கிக்கொண்டு, அதற்கு எதெல்லாம் அலர்ஜி என்று பட்டியல் போட்டுத் தருகிறோம் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். எங்கள் மணிக்கு அந்த டெஸ்ட்டை எடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் அவனுக்கு அலர்ஜியே இல்லை. சொறி. தோலுக்குள் குடியிருக்கிற பொடிப் பூச்சியால் வருவது, ஒரு பிளேடும் மைக்ரோஸ்கோப்பும் வைத்துத் தேட வேண்டிய நோய். அதைத் தேடாமலேயே ஊசி, டெஸ்ட், ஸ்பெஷல் தீனி என்று மாதக்கணக்கில் எங்களிடம் கறந்தார்கள். புகார் கொடுத்திருப்பதால் கிளினிக்கின் பெயரை இங்கே போடவில்லை.

மணிக்கு மூன்று வயது. காது ஓரம், முன்னங்கால் முட்டி, பின்னங்கால் கணு, வயிற்றின் அடிப்பக்கம் என்று ராத்திரி பகல் பார்க்காமல் சொறிந்தான். காது ஓரத்தில் முடி கொட்டி, தோல் தவிடு மாதிரி உதிர்ந்தது. கிளினிக்கில் இருந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு, "அலர்ஜிதான், இப்போ எல்லா நாய்க்கும் வருது" என்று ஓர் ஊசி போட்டார். என்ன ஊசி என்று கேட்டேன். "அரிப்பு ஊசி" என்றார். சீட்டிலும் அதையேதான் எழுதிக் கொடுத்தார்.

ஊசி போட்டதும் கொஞ்சம் அடங்கும். அப்புறம் முன்னைவிட மோசமாகும். திரும்பப் போனால் திரும்ப அதே ஊசி. இதற்கிடையில் மணி தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலி செய்துகொண்டே இருந்தான், எதைக் கண்டாலும் தின்னப் பாய்ந்தான், என்றைக்கும் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போனான். இதைச் சொன்னபோது, "வயசாகுது இல்ல" என்றார்கள். மூன்று வயது நாய்க்கு! தாகம், பசி, அடிக்கடி மூத்திரம் எல்லாம் ஸ்டீராய்டு உள்ளே போனால் வருகிற அடையாளங்கள். போட்டது நீண்ட நாள் வேலை செய்கிற ஸ்டீராய்டு என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

ஸ்டீராய்டே கெட்டது என்று நான் சொல்லவில்லை. நோய் இன்னதென்று தெரிந்த பிறகு மாத்திரையாகக் கொடுத்து, அளவை மெல்லக் குறைத்து நிறுத்துவது ஒரு வைத்தியம். ஆனால் நீண்ட நாள் ஊசியை ஒரு முறை போட்டுவிட்டால் பாதியில் நிறுத்த வழியே கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அது அமுக்கும். தோலில் பூச்சியோ கிருமியோ இருந்தால் அதற்கு வசதி செய்து கொடுத்த கதைதான்.

அவனைத் தூக்கிக் கொஞ்சுகிற அம்மாவுக்கு முன்கையிலும் இடுப்பிலும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் வந்து அரித்தது. அதையும் சொன்னோம். "வேர்க்குருவா இருக்கும்" என்று முடித்துவிட்டார்கள். நாய்க்கும் அரிக்கிறது, நாயைத் தூக்குகிற மனிதருக்கும் அரிக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சொறியைத்தான். நாய்ச்சொறி மனிதருக்கும் ஒட்டும். மனிதத் தோலில் அந்தப் பூச்சி நிலைத்துப் பெருகாது, ஆனாலும் அரிப்பு வந்து பாடுபடுத்திவிட்டுத்தான் போகும்.

அப்புறம்தான் அந்த டெஸ்ட் வந்தது. ஒரு கொத்து முடி, பஞ்சில் கொஞ்சம் எச்சில், அவ்வளவுதான் கேட்டார்கள். பல பக்கத்துக்கு வண்ணவண்ணமாக ரிப்போர்ட் வந்தது. சிவப்பு என்றால் அலர்ஜியாம். கோழி சிவப்பு, புல் சிவப்பு, தூசி சிவப்பு, அன்னாசி சிவப்பு. மணி பிறந்ததிலிருந்து அன்னாசியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒவ்வாமை உருவாக வேண்டுமென்றால் அந்தப் பொருளோ அதைப் போன்ற ஒன்றோ முன்பே உடம்புக்கு அறிமுகமாகியிருக்க வேண்டும். அதைக் கேட்டதற்கு, "மெஷின் சொல்றது" என்று பதில்.

மெஷின் சொல்வதன் லட்சணம் இதுதான். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அலர்ஜி உள்ள நாய், அலர்ஜி இல்லாத நாய் இவற்றின் மாதிரிகளோடு, பொம்மைக்குப் போடுகிற மாதிரியான செயற்கை ரோமத்தையும் வெறும் உப்புநீரையும் நாயுடையது என்று சொல்லி இப்படிப்பட்ட டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். செயற்கை ரோமத்துக்கும் அலர்ஜி இருப்பதாக ரிப்போர்ட் வந்தது! ரத்தத்தில் எடுக்கிற அலர்ஜி டெஸ்ட் என்று ஒன்று உண்டு, அது வேறு. அதுகூட நாய்க்கு அலர்ஜி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அல்ல. பூச்சி, கிருமி, உணவு எல்லாவற்றையும் விலக்கி, அலர்ஜிதான் என்று முடிவான பிறகு, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிற ஊசியை எந்தெந்தப் பொருளை வைத்துத் தயாரிக்கலாம் என்று பார்க்கத்தான்.

ரிப்போர்ட்டோடு சேர்த்து 'அலர்ஜி வராத' தீனி மூட்டை ஒன்றையும் தலையில் கட்டினார்கள். மூட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். கோழிக் கொழுப்பு என்று போட்டிருந்தது. அவர்கள் ரிப்போர்ட்டிலேயே கோழி சிவப்பு! உணவு அலர்ஜியை உண்மையிலேயே சோதிக்க வேண்டுமென்றால், நாய் இதுவரை தின்னாத ஒரே வகைப் புரதமோ, புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துத் தயாரித்த மருத்துவத் தீனியோ மட்டும் குறைந்தது 8 வாரம் கொடுக்க வேண்டும். நடுவில் பிஸ்கட், எலும்பு, சுவை சேர்த்த மாத்திரை எதுவும் கூடாது. அரிப்பு குறைந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு திரும்பி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்போதுதான் உறுதி. இவர்களோ அந்த மூட்டையோடு சேர்த்துக் கோழிச் சுவை பிஸ்கட்டையும் விற்றார்கள்.

இன்னொரு மருத்துவரிடம் போனோம். அவர் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை, முதலில் கேள்விதான். முதலில் வந்தது அரிப்பா, புண்ணா? வருஷம் முழுக்க இருக்கிறதா, ஏதோ ஒரு பருவத்தில் மட்டுமா? வேறு நாய்களோடு பழகினானா? வீட்டில் யாருக்காவது அரிக்கிறதா? அம்மா கையை நீட்டினாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு பொடிச் சீப்பால் வாலடியில் வாரி, விழுந்த கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினார். அது செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சியின் எச்சமாம், அதாவது நாய் ரத்தம். மணிக்கு அப்படி எதுவும் இல்லை. அடுத்து காது நுனியை மடக்கி விரலால் தேய்த்தார். உடனே பின்னங்கால் தானாக எழும்பி காற்றில் சொறிந்தது. எல்லா நாயும் அப்படிச் செய்யாது, செய்தால் சொறியின் மேல் சந்தேகம் பலப்படும் என்றார். பிறகு எண்ணெய் தொட்ட பிளேடால் காது ஓரத்திலும் முட்டியிலும் லேசாக ரத்தம் கசிகிற வரை சுரண்டி, ஸ்லைடில் தடவிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சொறிப்பூச்சியேதான். உருண்டையான உடம்பு, குட்டைக் கால், பக்கத்தில் முட்டை. சுரண்டலில் பூச்சி கிடைக்கவில்லை என்பதற்காகச் சொறி இல்லை என்று சொல்லிவிட முடியாது, பல நாய்களில் அகப்படாது, அப்படி இருந்தால் சந்தேகத்தின் பேரிலேயே மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார்.

பூச்சியைக் கொல்கிற மாத்திரைதான் வைத்தியம். கொடுக்கும் முன் இவனுக்கு எப்போதாவது வலிப்பு வந்ததா என்று கேட்டார், ஏனென்றால் அந்த வகை மருந்து சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைக்கச் சொன்னார். வீட்டில் வேறு நாய் இருந்தால், அது சொறியாவிட்டாலும் அதற்கும் மருந்து. பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும், பயப்பட வேண்டாம் என்றதும் அப்படியே நடந்தது. இப்போது மணி சொறிவதில்லை.

பழைய கிளினிக்கில் போய், போட்ட ஊசிகளின் பெயரும் அளவும் எழுதித் தரச் சொன்னேன். "எந்த டெஸ்ட்டும் நூறு சதவீதம் சரியா இருக்காது" என்று ஆரம்பித்தார்கள். நான் டெஸ்ட்டைக் கேட்கவே இல்லையே என்றேன். வெகுநேரம் நிற்கவைத்து, கடைசியில் ஊசியின் பெயரை மட்டும் சொன்னார்கள், அதுவும் வாயால். மருத்துவர்களைப் பதிவு செய்கிற அமைப்புக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் முதலில் கேட்டதே சிகிச்சைக் குறிப்புதான். என் கையில் இருப்பதோ 'அரிப்பு ஊசி' என்று எழுதிய சீட்டுகளும் பில்லும் அந்த வண்ண ரிப்போர்ட்டும். உங்கள் நாய்க்கு ஊசி போட்டால் மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள். இதே டெஸ்ட்டுக்குப் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், புகாருக்கு வேண்டியிருக்கும்.