அகல டயருக்கு முன் ரிம்மைப் பாருங்கள்: பர்ஃபாமன்ஸ் காருக்கான வழிகள், அருகருகே

பர்ஃபாமன்ஸ் கார் வைத்திருப்பவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் சக்கரத்தில்தான். "225 போதவில்லை, 245 போட வேண்டும்" என்று டயரின் அகலத்தைச் சொல்வார்கள். அந்த 245 எந்த ரிம்மின் மேல் உட்காரப்போகிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. டயரின் அகலத்தைவிட ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும்தான் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்; இது குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்) இந்த மாற்றத்தின் பலனைத் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. அதற்காக, 7.5 அங்குல அகலமும் 45 மி.மீ. ஆஃப்செட்டும் உள்ள 17 அங்குல ரிம்மில், நான்கு சக்கரங்களிலும் 225/45ஆர்17 டயரோடு (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம்) வரும் ஒரு காரை எடுத்துக்கொண்டு, அதன் உரிமையாளர் முன்னால் உள்ள வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதல் வழி, ரிம்மைத் தொடாமல், அதே அளவில் இன்னும் நல்ல ரப்பர் கலவை கொண்ட டயரைப் போடுவது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே மாறியிருக்காது என்பதால் பலருக்கு இது ஒரு மாற்றமாகவே தோன்றுவதில்லை. ஆனால் சாதாரணச் சாலை டயரிலிருந்து முதல் தரக் கோடைக்கால டயருக்கு மாறும்போது கிடைக்கும் பிடிமானம், அதே சாதாரண டயரை 20 மி.மீ. அகலமாக்கினால் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம். 2012இல் வந்த டொயோட்டா 86இன் பல வகைகள் நான்கு சக்கரங்களிலும் 215/45ஆர்17 என்ற மிதமான அகலத்தில், சாதாரணச் சாலை டயர்களோடு வந்தன. கார் குறைந்த வேகத்திலேயே வளைவில் விளையாட வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளரே வேண்டுமென்று எடுத்த முடிவு அது. அந்தக் காரில் அளவை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றியவர்கள் வேறொரு காரையே ஓட்டுவதுபோல உணர்ந்திருப்பார்கள்.

இரண்டாவது வழி, பழைய 7.5 அங்குல ரிம்மிலேயே 245/40ஆர்17 டயரை ஏற்றுவது. இதை நான் ஒருவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இந்த அளவுக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 8 முதல் 9.5 அங்குலம் வரை. அதன் அகலமே 8.5 அங்குல ரிம்மில் வைத்துத்தான் அளக்கப்படுகிறது. குறுகிய ரிம்மில் அதைத் திணித்தால் பக்கச்சுவர்கள் இரண்டும் உள்நோக்கி மடிந்து, டயரின் வயிறு வெளியே பிதுங்கி நிற்கும். வளைவில் பக்கவிசை வரும்போது ரிம் ஒரு பக்கமும் தரையைத் தொடும் ரப்பர் இன்னொரு பக்கமும் நகர்வதால், ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் இடையே ஒரு தயக்கம் நுழைந்துவிடுகிறது. 8.5 அங்குல ரிம்மில் நன்றாக விரிந்து உட்கார்ந்த 225, 7.5 அங்குல ரிம்மில் பிதுங்கி நிற்கும் 245ஐவிடத் துல்லியமாகத் திரும்பும். ரிம்மின் அகலம் அரை அங்குலம் கூடினால் டயரின் அகலமும் தோராயமாக 5 மி.மீ. கூடும் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி, சக்கரத்துக்கும் அது பொருந்தும் ஹப்புக்கும் இடையே வைக்கும் உலோகத் தட்டான ஸ்பேசர். அது அகலத்தைக் கூட்டுவதே இல்லை. இருக்கும் சக்கரத்தை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 45 ஆக இருந்த ஆஃப்செட் 30 ஆகிறது. சக்கரம், அதன் மேல் வளைந்து மூடும் ஃபெண்டரின் விளிம்புக்கு வந்து காரின் நிற்கும் தோரணை மாறுகிறது. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 30 மி.மீ. கூடுவதால் வளைவில் எடை மாறுவது சற்றே குறைகிறது. இவை உண்மையான பலன்கள்தான் என்றாலும், ஸ்பேசர் ஹப்பின் நடுவளையத்தில் இறுக்கமாக உட்காரும் வகையாக இருப்பதும், அதன் தடிமனுக்கு ஏற்ப நீண்ட ஸ்டட் அல்லது போல்ட் மாற்றப்படுவதும் கட்டாயம். நடுவளையம் பொருந்தாத ஒரு ஜோடியை நான் ஒருமுறை பொருத்திக்கொண்டேன். 90 கி.மீ. வேகம் வரை ஒரு குறையும் இல்லை. 100ஐத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் தொடங்கியது. இரண்டு முறை பேலன்ஸ் செய்தும் போகவில்லை. கழற்றிப் பார்த்தபோது ஸ்பேசருக்கும் ஹப்புக்கும் நடுவே ஒரு பக்கம் நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. சக்கரம் நட்டுகளின் பிடியில் மட்டும், மையம் விலகித் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நான்காவது வழியான அகல ரிம்மும் அதற்கேற்ற டயரும்தான் சரியான வழி. கணக்குப் போட வேண்டிய வழியும் இதுவே. 9 அங்குல ரிம், பழைய ரிம்மைவிட 38 மி.மீ. அகலம். ஆஃப்செட் அதே 45 ஆக இருந்தால் இந்த 38 இரண்டாகப் பிரிந்து, உள்ளே 19, வெளியே 19 மி.மீ. என்று போகும். உள்ளே 19 மி.மீ. என்பது பல கார்களில் ஷாக் அப்சார்பரின் உடலையே தொட்டுவிடும் தூரம். ஆஃப்செட்டை 35 ஆக்கினால் உள்ளே 9 மி.மீ. மட்டுமே போகும், வெளியே 29 மி.மீ. வந்து, ஃபெண்டரின் உள்மடிப்பை உருட்டி மடக்கவோ காம்பரை (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும் கோணம்) கூட்டவோ வேண்டிவரும். 40 என்றால் உள்ளே 14, வெளியே 24. இந்த மூன்றில் எது உங்கள் காருக்கு ஒத்துவரும் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. தாழ்த்திய சஸ்பென்ஷனும் இயல்பான சஸ்பென்ஷனும் உள்ள ஒரே மாடல் கார்கள் இரண்டுக்கே விடை வேறாக இருக்கும்.

நான் நம்புவது விளையாட்டுக் களிமண்ணைத்தான். வீல் ஆர்ச்சின் உள்விளிம்பிலும் அதன் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் லைனரிலும் ஷாக்கின் உடலிலும் சிறு உருண்டைகளாக ஒட்டிவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியபடி மெதுவாக ஓட்டி, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிப் பாருங்கள். ஒரு உருண்டை முழுவதுமாக இருக்கும், ஒன்று தட்டையாகியிருக்கும், ஒன்றின் மேல் டயரின் வரிகள் அப்படியே பதிந்திருக்கும். மிச்சமிருக்கும் களிமண்ணின் தடிமனே உங்கள் இடைவெளி. அது 5 மி.மீ.க்குக் கீழ் இருந்தால், நான்கு பேர் ஏறிய காரில் டயர் உரசும் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஆஃப்செட்டில் இன்னொரு விலையும் இருக்கிறது. முன்சக்கரம் வெளியே போகப் போக, ஸ்டியரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் மையத்துக்கும் உள்ள தொலைவு மாறுகிறது. முன்சக்கர இழுவைக் காரில் இது மாறினால், ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும்; எல்லாக் கார்களிலும், சாலையில் உள்ள வாகனத் தடங்களைப் பின்பற்றிக் கார் தானாக ஓடப் பார்க்கும். பிடிமானம் கூடியது, ஆனால் சாலையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்று சொல்பவர்களின் காரில் குற்றவாளி அகல டயர் அல்ல, அளவுக்கு மீறிக் குறைத்த ஆஃப்செட்தான் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, நான்கு சக்கரங்களும் ஒரே அகலமா, பின்னால் மட்டும் அகலமா என்ற கேள்வி. பின்சக்கர இழுவைக் கார்கள் பலவும் தொழிற்சாலையிலிருந்தே பின்னால் அகலமாக வருகின்றன. 1999இன் ஹோண்டா எஸ்2000 முன்னால் 205/55ஆர்16, பின்னால் 225/50ஆர்16. இ46 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3 முன்னால் 225/45ஆர்18, பின்னால் 255/40ஆர்18. கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டிலும் முன், பின் டயர்களின் விட்டம் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போகிறது, அகலம் கூடியபோது பக்கச்சுவரின் விகிதத்தைக் குறைத்து விட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நம் மாற்றத்துக்கும் இதுவே விதி. 634 மி.மீ. விட்டமுள்ள 225/45ஆர்17க்குப் பதில் 245/40ஆர்17 போட்டால் 628, 255/40ஆர்17 போட்டால் 636. நான்கு சக்கர இழுவைக் காரில் முன்னும் பின்னும் விட்டம் வேறானால், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலோ கிளட்சோ ஓய்வின்றித் தேயும்.

பின்னால் மட்டும் அகலப்படுத்தினால் பின்பக்கம் அசையாமல் நிற்கும்; ஆனால் வளைவின் எல்லையில் முன்சக்கரம் முதலில் வழுக்கி, கார் நேராகப் போகப் பார்க்கும். அதிக சக்தியுள்ள காரில் இது ஒரு பாதுகாப்பு. நம் எடுத்துக்காட்டுக் காரோ நான்கிலும் சம அகலத்தோடு சமநிலைப்படுத்தப்பட்டது. அதன் பின்சக்கரத்தை மட்டும் அகலமாக்குவது, கட்டிய வீணையின் ஒரே ஒரு தந்தியை முறுக்குவதைப் போன்றது. நான்கும் சமமாக இருந்தால் முன்பக்கப் பிடிமானமும் சேர்ந்தே கூடும். டயர்களை முன்பின் மாற்றிப்போட்டு ஆயுளை நீட்டலாம். உதிரிச் சக்கரம் எங்கும் பொருந்தும். தொழிற்சாலையிலேயே பின்னால் அகலமாக வந்த காரைச் சம அகலத்துக்கு மாற்றும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரையும் காம்பரையும் சேர்த்துத் திருத்தாவிட்டால் பின்பக்கம் எதிர்பாராத நேரத்தில் விலகும்.

18 அங்குலத்துக்குப் போவதில் எனக்கு ஆர்வமில்லை. பிரேக் காலிப்பர் 17இல் அடங்காவிட்டால் அது அவசியம். மற்றபடி எடை சக்கரத்தின் வெளிவட்டத்துக்கு நகர்கிறது, பக்கச்சுவர் மெலிகிறது, குழியில் ரிம் வளையும் வாய்ப்பு கூடுகிறது. ஃபோர்ஜ் செய்த, அதாவது வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய, அலாய் சக்கரமாக இருந்தால் இந்த எடையில் ஒரு பகுதியை மீட்கலாம்.

அகலத்தால் இழப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சக்கரத்தின் மேல் 350 கிலோ எடையும் டயரில் 32 பிஎஸ்ஐ காற்றும் இருந்தால், தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 155 சதுர செ.மீ.; டயரை அகலமாக்கினாலும் பரப்பு பெரிதாக மாறுவதில்லை, வடிவம்தான் நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. வளைவில் உதவும் அதே வடிவம், தேங்கிய நீரின் மேல் எதிரியாகிறது: நீரைக் கிழிக்க வேண்டிய முன்விளிம்பு அகலமாகிவிட்டதால், டயர் முன்னைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். சுமை தாங்கும் திறனும் அகலத்தோடு தானாகக் கூடாது. 225/45ஆர்17க்கும் 245/40ஆர்17க்கும் சாதாரண வகையில் சுமைக் குறியீடு ஒரே 91, அதாவது 615 கிலோதான்.

மழையிலும் ஓடும் அன்றாடக் காருக்கு 225 அளவிலேயே நல்ல டயரைத்தான் நான் தேர்வேன். டிராக்கிலும் மலைப்பாதையிலும் ஓட்டுபவருக்கு, 9 அங்குல ரிம், களிமண் சோதனையில் தேறிய ஆஃப்செட், நான்கிலும் 245/40ஆர்17. பொருத்திய பின் வீல் அலைன்மென்ட்டைச் சரிசெய்து, முதல் 100 கி.மீ.க்குள் நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் மறுபடி முறுக்குங்கள். தொழிற்சாலை நட்டு உருண்டை முனையுடையதாகவும் புதிய ரிம்மின் துளை கூம்பு வடிவிலும் இருந்தால், எவ்வளவு முறுக்கினாலும் அது பிடிக்காது, நட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.